பதினாலாம் அத்தியாயத்துத் தண்ணீர்

அந்த வருடம் சித்திரை இரண்டாம் வெள்ளிக்கிழமை, பொற்கொடி படித்த பதினோராம் அத்தியாயத்தைக் கேட்டு முடித்தவர்களின் வீடுகளில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நெய்வேலி நகரியத்தில் அப்படி முப்பத்தேழு வீடுகள். வெளியே வெயிலுக்கு ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. தண்ணீர் நிலைப்படியைத் தாண்டவில்லை. இயர்போன் மாட்டிக்கொண்டு படுக்கையறையில் கேட்டவர்களுக்குப் படுக்கையறையில் மட்டும் நின்றது, சமைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் கேட்டவர்களுக்கு வீடு முழுக்க நின்றது. பதினெட்டாவது பிளாக்கில் ஒருவர் மொட்டைமாடியில் நடந்துகொண்டே கேட்டிருக்கிறார்; அவருக்குச் செருப்பு இரண்டில் மட்டும் ததும்பியது. முதல் இரண்டு நாள் எல்லோரும் குழாய் உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். பிளம்பர் வந்தார், சுவரைத் தட்டினார், எங்கேயும் ஒழுக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேண்ட்டை மடித்துவிட்டபடியே அடுத்த வீட்டுக்குப் போனார்.

பொற்கொடி காடாம்புலியூர்க்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கியே அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார்கள். இருபத்திரண்டு வயதில் சுரங்கத்துப் பம்ப் கண்ட்ரோல் ரூமில் அவளுக்கு காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. நெய்வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே நிலக்கரிக்கு அடியில் ஒரு பெருந்தண்ணீர் எந்நேரமும் முட்டிக்கொண்டு நிற்கிறது. சுரங்கத்தைச் சுற்றிப் போர் போட்டு ராவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது அடங்கி இருக்கும், மேலே வெட்டுகிறவர்கள் வெட்டலாம். எந்தப் போரில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று மணிக்கொரு தரம் வாக்கிடாக்கியில் சொல்வதுதான் பொற்கொடியின் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. போர் நம்பர், பிறகு லெவல், பிறகு ‘ஓடுது’. பம்ப் நின்றிருந்தால் ‘நிக்குது’. இந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் லெவலை அந்தரத்தில் விடக் கூடாது; விட்டால் கீழே வேலை செய்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்கள். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், இட்லி வேகிற நேரத்தைச் சொல்கிற மாதிரி, பதினோரு வருடம் அவள் தண்ணீரின் மட்டத்தைச் சொன்னாள். ஒரு தடவைகூட ஓடாததை ஓடுது என்று சொன்னதில்லை.

கீழே, சுரங்கத்தின் அடிமட்டத்தில், ஒவ்வொரு தடவையும் ‘சரி’ என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் செங்குட்டுவன். அவரும் காண்ட்ராக்ட்தான் அப்போது. பதினாலு மாதம் குரலை மட்டும் கேட்டுவிட்டு, ஒரு பொங்கல் விடுமுறையில் பஸ் ஸ்டாண்டில் அவள் கடலைக்காரரிடம் சில்லறை கேட்கிற குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார். கல்யாணம் ஆனது, குழந்தை இல்லை, அதற்கு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லவும் இல்லை. பத்தொன்பது வருடம் காண்ட்ராக்டில் கிடந்து செங்குட்டுவன் பெர்மனென்ட் ஆனார், இருபத்தோராவது பிளாக்கில் குவார்ட்டர்ஸ் வந்தது. அதே வருடம் கண்ட்ரோல் ரூமில் லெவலைத் தானே எழுதிக் காட்டும் திரை வந்தது, பொற்கொடியின் வேலை போனது.

பேச்சே வேலையாக இருந்தவளுக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. ஒரு நாள் லைப்ரரியில் புத்தகம் ஒன்றை எடுத்து, கண் தெரியாத ஒருவருக்குத் தாழ்ந்த குரலில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டவள் இசைப்பிரியா. இதே நகரியத்தில் வளர்ந்து, சென்னையில் ஒலிப்புத்தகம் போடுகிற கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். “அக்கா, நீங்க நடிக்கவே இல்ல. அதான் எனக்கு வேணும்” என்றாள். மறுமாதம் மைக் ஒன்று பார்சலில் வந்தது. சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமை ஒழித்து, சுவரெல்லாம் கம்பளியும் பழைய மெத்தையும் கட்டி, அரிசி டிரம் மேல் மைக்கை வைத்தார்கள். ஃபேன் போடக் கூடாது. குக்கர் விசில்களெல்லாம் ஓய்ந்து, பழைய இரும்புக்காரர் ஒலிபெருக்கியோடு வருவதற்குள், காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான் நேரம். வேர்வை கண்ணில் இறங்க இறங்கப் படித்தாள்.

இசைப்பிரியா போனிலேயே அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தாள். அழுகிற இடத்தில் படிக்கிறவர் முந்திக்கொண்டு அழுதால் கேட்கிறவருக்கு அழுகை மிச்சம் இருக்காது. வாக்கியம் எங்கே போய் முடியும் என்று கண் முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும், பிறகுதான் வாய். ஊருக்கே படிக்கிறேன் என்று நினைத்தால் யாருக்கும் கேட்காது, ஒரே ஒரு ஆளுக்குப் படிக்க வேண்டும். அந்த ஒரு ஆளைப் பொற்கொடி தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் செங்குட்டுவன் காலையில் வீட்டில்தான் இருப்பார். ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளியே சமையலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பார். அவருக்குப் பிடித்த இடத்தில் ஸ்டூல் சத்தம் போடாது. பிடிக்காத இடத்தில் கிறீச்சிடும்; அந்த இடத்தை அவள் திரும்பப் படிப்பாள்.

அவள் நன்றாகப் படிக்கப் படிக்கச் சில காரியங்கள் நடக்கத் தொடங்கின. பலாக்கொட்டை வறுக்கிற ஒரு பக்கத்தைப் படித்தபோது கேட்டவர்களின் சமையலறையில் வாசனை வந்தது. இரண்டு வீட்டில் தோல்கூடக் கிடந்தது. ஒரு கதையில் வந்த மஞ்சள் நாய் ஒன்பதாவது பிளாக்கில் ஒரு வாரம் தங்கி, கதை முடிந்த அன்று போய்விட்டது. யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. எதிர் குவார்ட்டர்ஸ் ஜெயராமன் மட்டும் பெரிதுபடுத்தினார், அதுவும் பெருமையாக. ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிற கோயம்புத்தூர்க்காரர், நாற்பது வருடமாகக் காதால் மட்டுமே கதை படிக்கிறவர். கதை படிக்கிறவர்களில் பஸ் கண்டக்டர் மாதிரி ஸ்டாப் பெயர் சொல்லிக்கொண்டு போகிறவர்கள், கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது போலக் குழைகிறவர்கள் என்று அவரிடம் ஒரு பெரிய பட்டியலே உண்டு. அவர் மனைவி புஷ்பவல்லி, “உங்களுக்குக் காது ஒண்ணுதானுங்க ஒழுங்கா வேலை செய்யுது” என்பார்.

பிறகு அந்த ஏரிக் கதை வந்தது. பதினைந்து அத்தியாயம், வாரம் ஒன்று, வெள்ளிக்கிழமை காலையில் வெளியாகும். நாலு மதகு உள்ள ஒரு ஏரி பெருமழையில் உடையப் போகிறது; ஊரே பிள்ளை குட்டியோடு கூரையில் ஏறி நிற்கிறது; மதகுக்காரர் ஒருவர் மட்டும் நாலாவது மதகைத் திறக்கத் தண்ணீருக்குள் இறங்குகிறார். பத்து அத்தியாயம் வரை ஒரு குறையும் இல்லை. பதினோராவதைப் பதிவு செய்த வாரம் செங்குட்டுவனுக்கு முதல் ஷிப்ட். ஸ்டூல் காலி. அந்த அத்தியாயம் முழுக்கத் தண்ணீர் ஏறுகிற கதைதான்: முதல் படிக்கட்டு, இரண்டாம் படிக்கட்டு, வாசல், கணுக்கால். யாருக்குப் படிக்கிறோம் என்று தெரியாமல், பழக்கதோஷத்தில், பொற்கொடியின் வாய் பம்ப் ரூமுக்குப் போய்விட்டது. மட்டத்தைச் சொல்கிற அதே குரலில், அதே வேகத்தில், மட்டத்தைச் சொன்னாள். இசைப்பிரியாவுக்குக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. இதுதான் இதுவரை படித்ததிலேயே உசத்தி என்று செய்தி அனுப்பினாள். சென்னையில் இருந்ததால் அவளுக்குக் கால் சில்லிட்டதோடு சரி.

வெள்ளிக்கிழமை மாலை செங்குட்டுவன் வேலை முடிந்து வந்து, போனில் அதைக் கேட்டார். அவர் காலைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தது. பொற்கொடி குனிந்து கையால் அள்ளிப் பார்த்தாள். ஏரித் தண்ணீர் இல்லை. கதையில் வருவது செம்மண் கலங்கல். இது கண்ணாடி போலத் தெளிவாக, வெதுவெதுப்பாக, இரும்பு வாடையோடு இருந்தது. பதினோரு வருடம் பம்ப் வாயில் முகம் கழுவியவளுக்கு அதைத் தெரியாதா. பூமிக்கு அடியில் கிடக்கிற தண்ணீர்தான் அது. திங்கட்கிழமை கண்ட்ரோல் ரூமிலிருந்து சிவசங்கர் கூப்பிட்டார். அவளோடு ஒன்றாக ஷிப்ட் பார்த்தவர். “பொற்கொடி, உன்கிட்ட கேக்கறதா வேணாமான்னு யோசிச்சிக்கினே இருந்தேன். எல்லா போரும் ஓடுது. ஒரு பம்ப்பும் நிக்கல. ஆனா வெள்ளிக்கிழமையிலேர்ந்து லெவல் ஒரு கணுக்கால் ஏறிக் கெடக்குது. நம்ம திரையில கணுக்கால்னு கணக்கு கெடையாது, ஆனா அது கணுக்கால்தான்.”

அப்போது அவளுக்குப் புரிந்தது. பதினோரு வருடமாக அந்தத் தண்ணீர் அவள் குரலைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது. மட்டம் சொல்லுவாள், ஓடுது என்பாள், அது அடங்கும். இப்போது மட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு அந்தரத்தில் விட்டிருக்கிறாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பது சரியாகப் போய்விட்டது.

பொற்கொடிக்குப் பயம் வந்தது. பதினோரு வருடம் அந்தத் தண்ணீரின் பக்கத்தில் இருந்தபோது வராத பயம். மேலே காய்ந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்து கீழே இருக்கிறவர்களுக்கு மட்டம் சொல்கிறவளுக்கு என்ன பயம்? இப்போது குழாயைத் திறந்த கையோடு மூடினாள். குடத்தில் தண்ணீர் நிறைகிற சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினாள். இனி படிக்க மாட்டேன் என்று இசைப்பிரியாவிடம் சொல்லிவிட்டாள். கம்பெனி சென்னையில் பேர்பெற்ற குரல்காரர் ஒருவரைப் பிடித்து, இடி சத்தமும் வயலினும் சேர்த்துப் பன்னிரண்டாம் அத்தியாயத்தை வெளியிட்டது. அவர் விம்மினார், கர்ஜித்தார், ஊளையிட்டார். முப்பத்தேழு வீட்டிலும் தண்ணீர் ஒரு நூல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கொசு மட்டும் பெருகியது. பதினோராவது பிளாக்கில் பக்கவாதத்தில் படுத்திருந்த அமிர்தம் என்ற அம்மாளின் கட்டில் கால்கள் ஊறிப்போய், அவர் மகன் செங்கல் வைத்து உயர்த்தினான். கேட்காமலே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்டவர்கள் கேட்டது கேட்டதுதான். ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது. கதையில் அது வடிவது பதினாலாம் அத்தியாயத்தின் கடைசி வரியில். அந்த வரியை, நன்றாக, யாராவது படித்தாக வேண்டும்.

ஜெயராமன் வேட்டியைத் தொடை வரை தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். “மொதல்லயே சொல்லிப்போடறேன் அம்மிணி, உங்க கொரல்ல ஒரு கொறையும் இல்லீங்க. அந்தச் சென்னைக்காரரு இருக்காரே, அவரு நம்மளைத் தண்ணிப் பக்கமே கூட்டிட்டுப் போகல. நீங்க கூட்டிட்டுப் போனீங்க. ஆனா நீங்க கரையில நின்னுட்டு எங்களை மட்டும் உள்ள எறக்கி உட்டுப்போட்டீங்க. கதை படிக்கறவங்க ஒரு எட்டு முன்னால போகோணுங்க. அவங்க கால் வெச்ச எடத்துல நாம காலை வெப்போம்.” சொல்லிவிட்டு, கோபமாகப் பேசிவிட்டோமோ என்று பயந்து, புஷ்பவல்லி கொடுத்துவிட்ட தேங்காய் பர்பியை நீட்டினார்.

அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. ஆனாலும் வேறு வழி இல்லாமல் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திரும்ப அவளே படித்தாள். முழங்கால். பதின்மூன்றைப் படிக்கும்போது தந்திரம் செய்தாள். ஒவ்வொரு மட்டத்துக்குப் பின்னாலும் புத்தகத்தில் இல்லாத ‘ஓடுது’ என்பதைச் சேர்த்துப் படித்தாள். கதையில் ஒரு மதகும் திறந்திருக்கவில்லை, எதுவும் ஓடவில்லை. மட்டம் சொல்லத் தொடங்கியதிலிருந்து அவள் சொன்ன முதல் பொய் அது. தண்ணீர் பொய்யை மதிக்கவில்லை. இசைப்பிரியாவும் மதிக்கவில்லை, எழுதியவர் எழுதாததைச் சேர்க்கக் கூடாதுக்கா என்று பதினேழு இடத்திலும் வெட்டிவிட்டாள். இடுப்பு. சிவசங்கர் கூப்பிட்டு, “இடுப்பு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பதினாலாம் அத்தியாயத்தைப் பொற்கொடி நாலு நாள் கையில் வைத்திருந்தாள். மதகுக்காரர் இறங்குகிற படிகள் ஒன்பது. ஒன்பதாவது படியில் தண்ணீர் அவர் தலைக்கு மேல் போகிறது. அதற்குப் பிறகு மூன்று பக்கம், நாலாவது மதகின் திருகு கைக்கு அகப்படும் வரை. அவள் படிக்கிற வேகத்துக்கு மூன்று பக்கம் ஏழு நிமிடம். ஏழு நிமிடம் முப்பத்தேழு வீட்டிலும் ஆள் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும். அமிர்தம் படுக்கையில் இருக்கிறார். முதலில் கேட்கப் போகிறவரோ, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவர். மதகுக்காரர் திருகைத் திருப்புகிறார், மேலே வருவதில்லை. அவள் அந்தக் காகிதங்களை அரிசி டிரம்முக்குள் புதைத்துவைத்துவிட்டுத் தூங்கப் பார்த்தாள். தூக்கத்தில் ஸ்டூல் மிதந்து வந்தது.

பதிவு செய்கிற வியாழக்கிழமை காலை செங்குட்டுவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டே தோசை சாப்பிட்டார். பிறகு ஸ்டூலைக் கதவோரம் போட்டார்.

“இன்னிக்கு நீங்க கேக்க வாணாம். சிவசங்கர் வூட்டுக்குப் போயிட்டு ரெண்டு மணிக்கு அப்படியே ஷிப்டுக்குப் போங்க.”

“யாரும் இல்லாத வூட்ல யாருக்குப் படிப்ப?”

“சொவத்துக்குப் படிக்கறேன்.”

“சொவத்துக்குப் படிச்சிதான இப்ப எல்லாரும் முழுகிக்கினு இருக்கறோம்.” அவர் குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். “எறங்கணும்னா நீதான் படிக்கணும். எவன்னா ஒருத்தன் மொதல்ல கேக்கணும். நான் கேக்கறேன். எனக்குத் தண்ணி புதுசா?”

“ஏழு நிமிசம்ங்க.”

“தெரியும். நீ தூங்கினப்புறம் டிரம்முக்குள்ளேர்ந்து எடுத்துப் படிச்சேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. காதோரம் நரம்பு துடித்தது. உட்கார்ந்ததும் தண்ணீர் அவர் மார்பைத் தொட்டது. கையைக் கட்டிக்கொண்டார். பொற்கொடி உள்ளே போய்க் கதவைச் சாத்தி, முதல் தடவையாக உள்தாழ்ப்பாளையும் போட்டாள். ஸ்டோர் ரூம் எப்போதும் போலக் காய்ந்து கிடந்தது. கேட்டவர்களின் வீட்டில்தான் தண்ணீர். படிக்கிறவள் அறையில் அதுவரை ஒரு சொட்டு ஈரம் இல்லை; தண்ணீரில் நடந்து வந்த அவள் கால்கூட உள்ளே வைத்ததும் உலர்ந்துவிட்டது. கால் நகங்களில் புழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஜெயராமன் சொன்னது அவளுக்குள் இறங்கியது. ஊர் முழுக்க நனைகிறது, சொல்கிறவள் கால் மட்டும் காய்ந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் பயத்தைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தது.

படிக்கத் தொடங்கினாள். மதகுக்காரர் முதல் படியில் கால் வைத்தார் என்ற வரிக்கு முன்னால் மூச்சு எடுத்தாள். கண்ணை மூடி, அவர் வைப்பதற்கு முன் தன் காலை வைத்தாள். வெதுவெதுவென்று கணுக்காலைத் தொட்டது. குரல் உதறியது. அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. இரண்டாம் படி. மூன்றாம் படி. வெளியே செங்குட்டுவன் தன் மார்பிலிருந்து தண்ணீர் விலகுவதை முதலில் நம்பவில்லையாம். ஃபிரிட்ஜில் ஈரக்கோடு ஒன்று கீழே கீழே வந்தது. ஸ்டூலின் கால் தெரிந்தது. ஐந்தாம் படியைப் படித்தபோது தரையின் சிவப்பு தெரிந்தது. இங்கே குறைவது எங்கே போகிறது என்று யோசித்தவர், கதவின் அடியைப் பார்த்தார். பிறகு எழுந்து தள்ளினார். உள்ளே யாரோ பத்துப் பேர் சாய்ந்து நிற்பது போலக் கதவு அசையவில்லை. குரல் மட்டும் தெளிவாக வந்துகொண்டிருந்தது. ஏழாம் படி.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். வித்தியாசம் உண்டு என்று பொற்கொடிக்கு அன்று தெரிந்தது. ஒன்பதாம் படியில் தண்ணீர் உதட்டுக்கு வந்தபோது இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது. அந்த ஒரு சாணில் வேண்டிய மட்டும் பயப்பட்டாள். அம்மா ஞாபகம் வந்தது, முந்திரிப்பழ வாசனை வந்தது, கதவைத் திறந்துவிடு என்று கை தாழ்ப்பாளைத் தேடியது. திறந்தால் இத்தனையும் வெளியே இருப்பவர் மேல் போகும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள். வாய்க்குள் தண்ணீர் போனது, சொல் வெளியே வந்தது. காகிதத்தில் எழுத்து அலையவில்லை. மூன்று பக்கம், ஏழு நிமிடம், எந்த மூச்சில் படித்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மதகுக்காரரின் மூச்சில் என்று ஒரு தடவை சொன்னாள், பிறகு அப்படிச் சொன்னதையே மறுத்துவிட்டாள்.

திருகு கைக்கு அகப்பட்டது. திரும்பியது. அங்கே ஒரு வாக்கியம் முடிகிறது. அடுத்தது கடைசி வாக்கியம். இரண்டுக்கும் நடுவில் அவள் வழக்கமாக மூன்று விநாடி விடுவாள்; அந்த மூன்று விநாடியைக் கேட்கத்தான் தான் பணம் கட்டுவதாக ஜெயராமன் சொல்வதுண்டு. மூன்று போனது. பத்து போனது. பொற்கொடிக்குக் கடைசி வாக்கியம் மறந்துவிட்டது. காகிதம் எங்கோ போய்விட்டது, கண்ணுக்கு இருட்டு, காதுக்குள் எல்லாப் போரும் சேர்ந்து இரைந்தன. பயம்கூட விட்டுப்போனது, அதுதான் மோசம். செங்குட்டுவன் கதவில் தோளை இடித்தார். கத்த வாயைத் திறந்தார். கத்தினால் ஒரு பயனும் இல்லை என்று சுரங்கத்தில் இருபது வருடம் இருந்த வாய்க்குத் தெரிந்திருந்தது. கதவில் உதட்டை வைத்து, பழைய முறைப்படி, நிதானமாகச் சொன்னார்.

“கண்ட்ரோல், கண்ட்ரோல். கீழேர்ந்து பேசறேன். நாலு சொல்லுங்க.”

உள்ளே ஒன்றும் இல்லை. அவர் இன்னொரு தடவை சொன்னார். பொற்கொடியின் வாய், அவளைக் கேட்காமலே, வேலைக்கு வந்தது.

“நாலு. லெவல், தலைக்கு மேல ஒரு மொழம்.” நின்றாள். திருகு திரும்பிவிட்டது என்று ஞாபகம் வந்தது. “ஓடுது.”

“சரி” என்றார் செங்குட்டுவன்.

பிறகு அவள் கடைசி வாக்கியத்தைப் படித்தாள். தாழ்ப்பாள் தானாக இளகியது. கதவைத் திறந்தபோது ஸ்டோர் ரூம் வாசலில் தண்ணீர் சுவர் வைத்தது போல நேராக நின்றது. ஒரு துளி வெளியே சிந்தவில்லை. அதற்குள்ளிருந்து பொற்கொடி நடந்து வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, இருமினாள். அவர் அவள் தலையைத் துவட்டினார். துண்டைப் பிழிந்து பிழிந்து துவட்டினார். ஒரு மணிக்கு சிவசங்கர் கூப்பிட்டு, பதினொன்றே காலுக்கு லெவல் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது, எந்தப் பம்ப் ஓடியது என்று திரையில் தெரியவில்லை, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். “தெரியாது. ஓடுச்சி” என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை முப்பத்தேழு வீட்டிலும் மேசைமேலும் கட்டில்மேலும் ஏறி நின்றுகொண்டு பதினாலாம் அத்தியாயத்தைக் கேட்டார்கள். அமிர்தத்தை அவர் மகன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கேட்டான். எங்கேயும் தண்ணீர் ஏறவில்லை. ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, கடைசி வரியில் தொட்டித் துவாரத்தில் போகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். சுவர்களில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு மட்டும் நின்றுவிட்டது; எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வருகிறது என்பதால் எல்லோரும் அதை மறைத்துப் பீரோவையோ அலமாரியையோ நகர்த்திப் போட்டிருக்கிறார்கள். நடுவில் வந்த ஐம்பத்தொரு விநாடி மௌனத்தையும் அந்த இரண்டு பேர் பேச்சையும் இசைப்பிரியா வெட்டவில்லை. எழுதியவருக்குத் தன் புத்தகத்தில் அது முதலிலிருந்தே இருந்ததா என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டதாகக் கேள்வி. ஜெயராமன் வந்து வாசலில் நின்றார், வெறும் கையோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஸ்டோர் ரூம் தண்ணீர் மட்டும் போகவில்லை. அரிசி டிரம்மைச் சமையலறைக்கு மாற்றினார்கள், மைக்கை உள்ளேயே விட்டுவிட்டார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நகரியத்தில் அவ்வளவு அமைதியான இடம் வேறு கிடையாது. குக்கர் விசில் எட்டாது, பழைய இரும்புக்காரர் எட்டமாட்டார், வேர்க்காது. பொற்கொடி இதுவரை பதினாறு புத்தகம் அதற்குள் நின்று படித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் உள்ளே கால் வைக்கும்போது அவளுக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயம் போய்விட்டால் படிப்பதை விட்டுவிட வேண்டும் என்று இசைப்பிரியாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். செங்குட்டுவன் ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது அடுத்து வருகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று இப்போதே யோசிக்கிறார்கள். உள்தாழ்ப்பாளை அவர் அன்றைக்கே ஸ்குரூ டிரைவரால் கழற்றி எறிந்துவிட்டார். ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு, அவள் படிக்கிற நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அத்தியாயம் முடிந்ததும், லெவல் என்கிறார், ஓடுது என்கிறாள், சரி என்கிறார். இந்த வாரம் ஒரு சமையல் புத்தகம், அதில் யாரும் சாகப்போவதில்லை. இருந்தாலும் அவர் கை கதவுப் பிடியை விட்டு எடுப்பதில்லை.